பேருந்து எதிர்த்திசையில் திரும்பியபோது

பாஸ்டன் நகரில் 1840களின் இறுதியில் சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தினமும் அவள் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் ஐந்து பள்ளிகள் இருந்தன. ஐந்தும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கானவை. அவற்றைத் தாண்டிப் போய், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஏபியல் ஸ்மித் பள்ளியில்தான் அவள் படிக்க வேண்டும். அச்சுத் தொழில் செய்துவந்த அவளுடைய தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் பக்கத்துப் பள்ளிகளில் இடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். நீதிமன்றம் போனார். சார்லஸ் சம்னர் என்ற வெள்ளையின வழக்கறிஞரும் ராபர்ட் மோரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரும் அவருக்காக வாதாடினார்கள். 1850இல் தோற்றார்கள். ஆனாலும் ஓயவில்லை. 1855இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம், பள்ளிகளில் இனத்தின் பேரால் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அமெரிக்காவிலேயே அப்படியொரு சட்டம் அதுதான் முதல்.

நூறு ஆண்டுகள் கழித்து, கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் லிண்டா பிரவுன். வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளி ஒரு பள்ளி. சாராவுக்காக வாதாடிய அதே சம்னரின் பெயரைத் தாங்கிய பள்ளி. அங்கே லிண்டாவுக்கு இடமில்லை, அவள் கறுப்பினக் குழந்தை. ரயில் தண்டவாளங்கள் கிடக்கும் பகுதியைக் கடந்து நடந்து, பிறகு பேருந்து ஏறி, தொலைவிலிருந்த மன்ரோ பள்ளிக்குப் போக வேண்டும். அவளுடைய தந்தையும் வேறு பல பெற்றோரும் தொடுத்த வழக்கில்தான் 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பிரித்து வைத்த பள்ளிகள் ஒருபோதும் சமமானவை ஆகா என்று தீர்ப்பளித்தார்கள்.

இந்த இரண்டு குழந்தைகளின் வழியை மனதில் வைத்துக்கொண்டால்தான் 1970களில் அமெரிக்க நகரங்களில் வெடித்த கலவரங்களைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஒரே பள்ளியில் சேர்க்க நீதிமன்றங்கள் சொன்னதும், ‘எங்கள் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியை விட்டு ஏன் தூரத்துக்கு அனுப்ப வேண்டும்?’ என்று லட்சக்கணக்கான வெள்ளையினப் பெற்றோர் கொதித்தார்கள். அந்தக் கேள்வியை சாராவின் அப்பாவும் லிண்டாவின் அப்பாவும் எப்போதோ கேட்டுவிட்டார்கள். தென் மாநிலங்களில் எத்தனையோ தலைமுறைக் கறுப்பினப் பிள்ளைகள், வாசலிலிருக்கும் வெள்ளையர் பள்ளியைத் தாண்டி மைல்கணக்கில் பயணம் போனார்கள். அப்போது யாரும் பேருந்தின்மேல் கல்லெறியவில்லை. பேருந்து எதிர்த்திசையில் திரும்பியபோதுதான் கல் பறந்தது.

முதலில் பறந்தது பாஸ்டனில் அல்ல. 1970 மார்ச்சில் தென் கரோலைனாவின் லமார் என்ற சிற்றூரில், கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்துகளை ஒரு கும்பல் தாக்கிக் கவிழ்த்தது. 1971 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் நிறுத்திவைத்திருந்த பத்துப் பள்ளிப் பேருந்துகளை கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் உலகத்தின் கண்ணில் நிலைத்தது பாஸ்டன்தான். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தாய்வீடு, 1855இலேயே சட்டம் போட்ட மாநிலத்தின் தலைநகர். தெற்கத்தியரைப் பார்த்து ‘நீங்கள் இனவெறியர்கள்’ என்று நீட்டிய விரல் இந்த ஊருடையது.

சட்டம் இல்லாமலே பிரித்த கதை

1960களின் பாஸ்டனில், கறுப்பினப் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். நகரத்தின் பள்ளிகளை ஆண்டது ஐந்து பேர் கொண்ட பள்ளிக் குழு. ஐவரையும் நகரம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை என்பதால் சிறுபான்மையினரான கறுப்பினத்தவர் ஒருவர்கூட உள்ளே நுழைய முடியவில்லை. அந்த ஐவர் எல்லைக்கோடுகளை வரைந்தார்கள், புதுப் பள்ளி எங்கே எழும்ப வேண்டும் என்று தீர்மானித்தார்கள், யார் எந்தப் பள்ளிக்கு மாறலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

அவர்கள் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். நகரத்தில் இரண்டு வகை நடுநிலைப் பள்ளிகள் இருந்தன. ஒன்றில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடியும், மற்றதில் ஒன்பதாம் வகுப்போடு. உயர்நிலைப் பள்ளிகளிலும் அதற்கேற்றபடி சில ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும், சில பத்தில். கறுப்பினப் பகுதிகளில் பெரும்பாலும் எட்டோடு முடியும் பள்ளிகளை வைத்தார்கள். வெள்ளையர் பகுதிகளில் ஒன்பதோடு முடிபவை. எட்டு முடித்த கறுப்பின மாணவன் ஒன்பதில் தொடங்கும் உயர்நிலைப் பள்ளியைத் தேடிப் போவான். அங்கே அவனைப் போன்றவர்களே கூடியிருப்பார்கள். பார்ப்பதற்கு வெறும் நிர்வாக ஏற்பாடு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்துவிடும் சல்லடை அது.

1963 ஜூனில் ரூத் பேட்ஸன் என்ற தாய், கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் சார்பில் பள்ளிக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். பாழடைந்த கட்டடங்கள், நிரம்பி வழியும் வகுப்பறைகள், கறுப்பினப் பள்ளிகளுக்குக் குறைவாக ஒதுக்கப்படும் பணம் என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்தார். பள்ளிகள் நடைமுறையில் பிரிந்துகிடக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கைகளில் முதன்மையானது. குழுவின் தலைவி லூயிஸ் டே ஹிக்ஸ் அதை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த மறுப்பு அவரை அரசியல் தலைவராக்கியது. 1967இல் நகரத் தந்தை தேர்தலில் நின்றபோது ‘நான் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்’ என்பதே அவருடைய முழக்கம். எந்தப் பக்கம் என்று ஒருமுறைகூட வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

உள்ளே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி ஜானதன் கோஸல் என்ற இளம் ஆசிரியர். கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியொன்றில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதை ஒன்றை வகுப்பில் படித்துக் காட்டினார் என்பதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஓராண்டு அனுபவத்தை அவர் 1967இல் புத்தகமாக எழுதினார், அது தேசியப் புத்தக விருது பெற்றது.

இங்கே பலரும் மறந்துபோகிற ஒன்று உண்டு. பாஸ்டனில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றும் யோசனையை முதலில் நீதிபதி யாரும் கொண்டுவரவில்லை. கறுப்பினத் தாய்மார்களே தொடங்கினார்கள். நகரத்தின் வெள்ளையர் பள்ளிகளில் காலி இடங்கள் இருந்தன. இடம் இருந்தால் யாரும் சேரலாம் என்று விதியும் இருந்தது, போக்குவரத்துக்கு மட்டும் பணம் தர மாட்டார்கள். 1965இல் எலன் ஜாக்சன் என்ற தாயின் தலைமையில் ராக்ஸ்பரி என்ற கறுப்பினப் பகுதியின் பெற்றோர் தாங்களே பணம் திரட்டி, வாடகைக்குப் பேருந்து பிடித்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அந்தக் காலி நாற்காலிகளுக்கு அனுப்பினார்கள். ‘ஆபரேஷன் எக்ஸோடஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஏழைக் குடும்பங்கள் தங்கள் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்து ஓட்டிய வண்டிகள் அவை. அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தாய்மார்கள் செய்தார்கள். அப்போதும் அரசாங்கம் வெட்கப்படவில்லை.

அதே 1965இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாதிக்கு மேல் வெள்ளையரல்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி சமநிலை தவறிய பள்ளி, அதைச் சரிசெய்யாத ஊருக்கு மாநில உதவிப் பணம் நிறுத்தப்படும். ஆண்டுக்கணக்கில் பள்ளிக் குழு சாக்குப்போக்குச் சொல்லியே கடத்தியது. அப்படிப்பட்ட பள்ளிகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. கடைசியில் 1972இல் கறுப்பினப் பெற்றோர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆர்தர் கேரிட்டி 1974 ஜூன் 21 அன்று தீர்ப்பு வழங்கினார்: இந்தப் பிரிவினை தானாக நேர்ந்ததல்ல, பள்ளிக் குழு தெரிந்தே திட்டமிட்டுச் செய்தது. மூன்று மாதத்தில் பள்ளி திறக்க வேண்டும். வேறு திட்டத்தைக் குழு தயாரித்துக் கொடுக்காததால், மாநிலக் கல்வி வாரியம் வைத்திருந்த திட்டத்தையே நீதிபதி நடைமுறைப்படுத்தச் சொன்னார்.

அந்தத் திட்டத்தில் ஒரு பெருந்தவறு இருந்தது. கறுப்பினத்தவரின் ராக்ஸ்பரியையும் ஐரிஷ் வம்சத்தினரின் சவுத் பாஸ்டனையும் அது நேருக்கு நேர் இணைத்தது. நகரத்தின் மிக ஏழ்மையான இரண்டு பகுதிகள், ஒன்றையொன்று மிக அதிகம் அஞ்சிய இரண்டு பகுதிகள்.

செப்டம்பர் 12

பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 9 அன்று, நகர மன்றத் திடலில் பெருங்கூட்டம் கூடியது. கொலையுண்ட ஜனாதிபதியின் தம்பி, ஐரிஷ் கத்தோலிக்கர்களின் செல்லப்பிள்ளை, செனட்டர் எட்வர்ட் கென்னடி பேசவந்தார். தக்காளியும் முட்டையும் அவர்மேல் விழுந்தன. அண்ணன் பெயரிலேயே இருந்த அரசுக் கட்டடத்துக்குள் அவர் ஒதுங்க நேர்ந்தது, அதன் கண்ணாடியையும் உடைத்தார்கள்.

செப்டம்பர் 12 காலை, நகரத்தின் பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றும் ஆகவில்லை. பேருந்துகள் வந்தன, பிள்ளைகள் இறங்கினார்கள், மணி அடித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சவுத் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளி இருக்கும் மேட்டில் மட்டும் கூட்டம் காத்திருந்தது. வெள்ளை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்று வகுப்புக்கு வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் வந்தார்கள். மாலையில் அவர்களை ஏற்றித் திரும்பிய பேருந்துகள்மேல் கற்களும் பாட்டில்களும் விழுந்தன. கண்ணாடி நொறுங்கிப் பிள்ளைகளின் தலையிலும் முகத்திலும் தெறித்தது. தெருவோரத்தில் நின்று வசைச் சொற்களை வீசியவர்களில் தாய்மார்கள் இருந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் மறுநாள் காலை அதே பேருந்தில் மறுபடியும் ஏறினார்கள். அன்று பாஸ்டனில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்களில் அவர்களைவிடத் துணிந்தவர்கள் யாருமில்லை.

அக்டோபரில், துணி வெளுக்கும் கடையில் வேலை செய்த மனைவியை அழைத்துவரச் சென்ற ஹைட்டி நாட்டுக் குடியேறி ஒருவரைச் சவுத் பாஸ்டனில் கும்பல் காரிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தது. இரண்டே நாளில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு, பாஸ்டன் நீதிபதியின் உத்தரவில் தனக்கு உடன்பாடில்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். வன்முறை வேண்டாம் என்றும் சொன்னார். தெருவில் நின்றவர்களின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

டிசம்பர் 11 அன்று சவுத் பாஸ்டன் பள்ளிக்குள் ஒரு வெள்ளை மாணவன் கத்தியால் குத்தப்பட்டான், பிழைத்துக்கொண்டான். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் பள்ளியை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே கறுப்பின மாணவர்கள். முன்வாசலுக்கு வெறும் பேருந்துகளை அனுப்பிக் கூட்டத்தின் கவனத்தைத் திருப்பி, பின்வழியாகப் பிள்ளைகளை வெளியேற்றினார்கள். பள்ளி ஒரு மாதம் மூடிக்கிடந்து ஜனவரியில் திறந்தபோது வாசலில் உலோகச் சோதனைக் கருவி நின்றது. சுமார் 400 மாணவர்களுக்குக் காவலாகச் சுமார் 500 காவலர்கள்.

மேட்டின்மேல் நின்றவர்கள்

கல்லெறிந்தவர்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர்கள் யார் என்று பார்க்காமல் இந்தக் கதையை முடித்துவிட்டால் உண்மையான குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள்.

சவுத் பாஸ்டன் துறைமுகத் தொழிலாளர்களின், அரசுக் குடியிருப்புகளின் ஊர். அவர்களுடைய உயர்நிலைப் பள்ளியும் நல்ல பள்ளி அல்ல. அங்கிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் சொற்பம். அயர்லாந்திலிருந்து வந்த அவர்களின் முன்னோரை இதே பாஸ்டன் எப்படி வரவேற்றது என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. 1834இல் ஒரு புராட்டஸ்டன்ட் கும்பல் பக்கத்துச் சார்ல்ஸ்டவுனில் கத்தோலிக்கக் கன்னியர் மடத்தையே எரித்தது. வெறுப்பை உடம்பில் வாங்கிய சமூகம் அதை அடுத்தவர்மேல் இறக்கியது. 1975இல் சார்ல்ஸ்டவுனும் திட்டத்துக்குள் வந்தபோது, அங்கே தாய்மார்கள் ஜெபமாலை உருட்டியபடி ஊர்வலம் போனார்கள். அவர்களின் பயத்தைப் பள்ளிக் குழுவின் அரசியல்வாதிகள் பத்தாண்டுகள் ஊதி வளர்த்தார்கள். நல்ல பள்ளி கொடுக்கவில்லை, வேலை கொடுக்கவில்லை, எதிரியை மட்டும் கொடுத்தார்கள்.

நீதிபதி கேரிட்டி வசித்ததோ வெல்லஸ்லியில். பசுமையான, வசதியான, வெள்ளையர் புறநகர். அங்கே எந்த உத்தரவும் செல்லாது. ஏன் செல்லாது?

கேரிட்டி தீர்ப்பளித்து ஐந்தே வாரத்தில், 1974 ஜூலை 25 அன்று, டெட்ராய்ட் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முடிவு சொன்னது. பாஸ்டனில் விழுந்த கற்களைவிட அதிக நாசம் செய்த முடிவு அது. நகரத்துக்குள் இனப் பிரிவினை நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய, அந்தத் தவறில் பங்கில்லாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களைச் சேர்த்து இழுக்கக் கூடாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. எதிர்த்த நால்வரில் ஒருவர் தர்குட் மார்ஷல், 1954 வழக்கை வாதாடி வென்றவர். பெருநகரங்கள் கறுப்பர் ஊர், வெள்ளையர் ஊர் என்று இரண்டாக உடைவது இன்றைக்கு எளிய வழியாகத் தோன்றலாம், பின்னாளில் நாம் இதற்காக வருந்துவோம் என்று அவர் எச்சரித்தார்.

கணக்கு எளிமையானது. பணமுள்ள வெள்ளைக் குடும்பம் நகரத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டி வீடு வாங்கினால் போதும், பேருந்து அந்தப் பக்கம் வராது. வாங்க வசதியில்லாத வெள்ளையரும், பணம் இருந்தாலும் அங்கே வீடு விற்கப்படாத கறுப்பினத்தவரும் நகரத்துக்குள் மிஞ்சுவார்கள். இரண்டு ஏழைச் சமூகங்கள் ஒரே மோசமான பள்ளிக்காக முட்டிக்கொள்ளும். இன்றைக்கும் பலர் பேருந்துத் திட்டம் தோற்றது என்று பேசுகிறார்கள். வசதியானவர்கள் எல்லோரையும் விலக்கி வைத்துவிட்டு நடத்திய திட்டம் தோற்றதில் என்ன வியப்பு?

கொடிக்கம்பம்

1976 ஏப்ரல் 5. டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற கறுப்பின வழக்கறிஞர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஒரு கூட்டத்துக்காக நகர மன்றத் திடலைக் கடந்துகொண்டிருந்தார். பேருந்துத் திட்டத்தை எதிர்த்து வந்திருந்த வெள்ளை மாணவர்கள் எதிர்ப்பட்டார்கள். அவர் போராட்டத்தோடு தொடர்புடையவரே அல்ல. நிறம் போதுமானதாக இருந்தது. அடித்தார்கள், மூக்கு உடைந்தது. ஒருவன் அமெரிக்கக் கொடி பறந்த கம்பத்தை அவரை நோக்கிச் சுழற்றினான். அந்தக் கணத்தைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஸ்டான்லி ஃபோர்மன் படமெடுத்தார். நாட்டின் இருநூறாவது சுதந்திர ஆண்டில் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்த அந்தப் படம், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

அடுத்த சில வாரத்துக்குள்ளேயே ராக்ஸ்பரியில் கறுப்பின இளைஞர்கள் அந்த வழியாக வந்த ஒரு வெள்ளையரைக் காரிலிருந்து இழுத்து அடித்தார்கள். நினைவு திரும்பாமலே கிடந்து 1978இல் அவர் இறந்தார். அவருக்குப் படமும் இல்லை, பரிசும் இல்லை. வெறுப்பு ஒருமுறை தெருவில் இறங்கிவிட்டால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பாது. 1979இல் சார்ல்ஸ்டவுன் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட வந்திருந்த பதினைந்து வயதுக் கறுப்பின மாணவன் சுடப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான்.

வேறு மாதிரியும் நடந்தது

எங்கும் இப்படித்தான் ஆனது என்று நினைத்தால் அது தவறு. வட கரோலைனாவின் ஷார்லட் நகரத்தைப் பாருங்கள். ஜூலியஸ் சேம்பர்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் அங்கே வழக்கு நடத்தினார். அவருடைய வீட்டிலும் அலுவலகத்திலும் குண்டு வெடித்தது, அவர் வழக்கை விடவில்லை. 1971 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம், பிரிவினையை ஒழிக்கப் பேருந்தைப் பயன்படுத்த நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று ஒருமனதாகச் சொன்னது அந்த வழக்கில்தான்.

ஷார்லட்டிலும் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் அங்கே நகரமும் சுற்றியுள்ள புறநகர்களும் சேர்ந்து ஒரே பள்ளி மாவட்டம். ஓடி ஒளிய எல்லைக் கோடு கிடையாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் பேருந்தில் ஏறியாக வேண்டியிருந்தது. அப்படி ஏறியதும், கறுப்பினப் பகுதியின் பள்ளிக்கு நல்ல ஆசிரியரும் நல்ல கட்டடமும் வேண்டும் என்ற அக்கறை பணக்காரப் பெற்றோருக்கும் வந்துவிட்டது. 1984இல் ஜனாதிபதி ரீகன் ஷார்லட்டுக்கு வந்து, பேருந்துத் திட்டம் தோல்வி என்று பேசினார். கைதட்டலை எதிர்பார்த்த இடத்தில் கூட்டம் அமைதியாக இருந்தது. மறுநாள் ஊர்ப் பத்திரிகை, ஜனாதிபதி சொன்னது தவறு என்று தலையங்கம் எழுதியது. தங்கள் பள்ளிகள்தான் தங்கள் பெருமை என்று ஒரு தெற்கத்திய ஊர் நாட்டின் தலைவருக்கு எடுத்துச் சொன்ன நாள் அது.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் இன்னும் ஒருபடி மேலே போனது. நீதிமன்றம் சொல்வதற்குக் காத்திராமல், 1968இல் தானாகவே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றியது. அந்தப் பேருந்துகளில் போனவர்களில் ஒருத்தி, சென்னையில் பிறந்த புற்றுநோய் ஆய்வாளர் சியாமளா கோபாலனின் மகள். அரை நூற்றாண்டு கழித்து, 2019 ஜூனில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் விவாத மேடையில், 1970களில் இந்தத் திட்டத்தை எதிர்த்து நின்ற ஜோ பைடனைப் பார்த்து கமலா ஹாரிஸ் அந்தப் பேருந்தை நினைவுபடுத்தினார். ஓராண்டு கழித்துப் பைடன் அவரையே துணை ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்.

1964இல் தென் மாநிலங்களில் வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பள்ளிகளில் சேர்ந்திருந்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். 1988இல் நூற்றுக்கு 43 பேருக்கும் மேல். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளின் தேர்ச்சி இடைவெளி பெரிதும் குறைந்ததும் இந்தக் காலத்தில்தான். பெர்க்லிப் பொருளியலாளர் ரக்கர் ஜான்சன், அந்தத் தலைமுறைப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்தார். ஒன்றாகப் படித்த கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், நல்ல உடல்நலத்தோடு வாழ்ந்தார்கள். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு எந்த இழப்பும் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

பிறகு நீதிமன்றங்களின் காற்று மாறியது. 1990களில் உத்தரவுகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்பட்டன. ஷார்லட்டின் திட்டம் ஒரு வெள்ளையினப் பெற்றோரின் வழக்கால் முடிவுக்கு வந்தது, சில ஆண்டுகளிலேயே அதன் பள்ளிகள் மறுபடி நிறம்பிரியத் தொடங்கின. பாஸ்டனில் 1999இல் பள்ளிக் குழுவே, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவுசெய்தது.

பாஸ்டன் பள்ளிகளில் 1970களின் தொடக்கத்தில் 90,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், பாதிக்கு மேல் வெள்ளையர். 1988இல் மொத்தம் சுமார் 57,000. இன்றைக்கு 50,000க்கும் குறைவு, வெள்ளையர் ஏழில் ஒரு பங்கு அளவே. முழுப் பழியையும் பேருந்தின்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. புறநகருக்கு வீடு மாற்றும் போக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, பிறப்பும் குறைந்துகொண்டிருந்தது. கலவரம் அந்தப் போக்கைத் துரிதப்படுத்தியது என்பது உண்மை. அந்தக் கலவரத்தைத் தூண்டியவர்கள் யார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எலன் ஜாக்சன் போன்ற தாய்மார்களின் முயற்சியிலிருந்து கிளைத்த ஒரு திட்டம் மட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘மெட்கோ’ என்பது அதன் பெயர். 1966இல் 220 பிள்ளைகளோடு, ஏழு புறநகர்களின் சம்மதத்தோடு தொடங்கியது. அந்த ஏழில் வெல்லஸ்லியும் ஒன்று. இப்போது ஏறக்குறைய 3,000 பிள்ளைகள் நகரத்திலிருந்து புறநகர்ப் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். இடம் வேண்டி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் எப்போதும் உண்டு. ராக்ஸ்பரி, டார்செஸ்டர் போன்ற நகரப் பகுதிகளின் வீடுகளில் விடியுமுன் எழுந்து பேருந்து பிடிப்பது பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள்தான். எத்தனை பேரைச் சேர்ப்பது என்று ஒவ்வொரு புறநகரும் தன் விருப்பப்படி முடிவுசெய்கிறது. வெல்லஸ்லியின் பிள்ளை ராக்ஸ்பரிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை உத்தரவிட்டதில்லை.